காலால் வாசித்த நாயனம்

போன மாதம் கிள்ளானில் ஒரு கல்யாண விருந்து. சாப்பிட்டுக் கை கழுவப் போன இடத்தில், அன்றைக்கு மேடையில் கீபோர்டு வாசித்த இளைஞர் என்னைப் பிடித்துக்கொண்டார்.

"அங்கிள், அந்தக் காலத்துல நீங்க காலால நாயனம் வாசிச்சீங்களாமே? உண்மையா?"

உண்மைதான் என்றேன்.

"ஏன் அங்கிள், கைக்கு என்ன ஆச்சு?"

கைக்கு ஒன்றும் ஆகவில்லை. அன்றும் நன்றாக இருந்தது, இன்றும் நன்றாகவே இருக்கிறது. இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லிச் சொல்லி வாய்தான் வலிக்கிறது. கல்யாணத்தில் கேட்கிறார்கள், கருமாதியில் கேட்கிறார்கள், பிரிக்ஃபீல்ட்ஸில் வாழைப்பழம் வாங்கிக்கொண்டு நின்றால் அங்கேயும் வந்து கேட்கிறார்கள். ஒரேயடியாக எழுதி வைத்துவிட்டால், இனிமேல் கேட்பவர்களிடம் இதை நீட்டிவிட்டு நான் பாட்டுக்கு என் வேலையைப் பார்க்கலாம்.

நான் வாசித்தது ஊதுகிற நாயனம் இல்லை; முதலில், நாயனக் குரலில் பேசிய அந்த மெஷின் என்னவென்று சொல்லியாக வேண்டும். இப்போது சிந்தசைசர் என்றால் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ரயில் ஏறிவிடுகிறார்கள். நான் வாசித்தது துணி அலமாரி அளவு. ஒலியை உண்டாக்க ஒரு பெட்டி, அந்த ஒலியைக் கூராக்கவோ மழுக்கவோ இன்னொரு பெட்டி, எழுப்பி அடக்க வேறொரு பெட்டி என்று தனித்தனியாக இருக்கும். ஒவ்வொன்றின் முகத்திலும் குமிழ்களும் துளைகளும். எந்தப் பெட்டி எதோடு பேச வேண்டும் என்பதை நாம்தான் ஒயரைச் செருகித் தீர்மானிக்க வேண்டும். ஒயர் எல்லாவற்றையும் செருகி முடித்தால் பழைய டெலிபோன் எக்ஸ்சேஞ்ச் மாதிரி நிற்கும். "அண்ணே, ஈப்போவுக்கு ஒரு கால் போட்டுக் குடுங்க" என்று யாராவது ஒருவர் சொல்லாத கல்யாண வீடே இல்லை. சொல்லிவிட்டு, தான்தான் அதை முதலில் கண்டுபிடித்தது போலப் பக்கத்து ஆளைத் திரும்பிப் பார்ப்பார்கள்.

இவ்வளவு பெரிய மெஷின் ஒரு நேரத்தில் ஒரே ஒரு ஸ்வரம்தான் பேசும். வலது கை கீபோர்டு கட்டைகளில் இருக்கும். இடது கை குமிழ்களில் இருக்கும்; எடுத்தால் சத்தம் தகரம் மாதிரி ஆகிவிடும். நம் பாட்டில் ஸ்வரம் நின்ற இடத்தில் நிற்காது. அசையும், வழுக்கும், பக்கத்து ஸ்வரத்தைத் தொட்டுவிட்டுத் திரும்பி வரும். கட்டைகளோ மாடிப்படி. ஒரு படியில் நிற்கலாம், அடுத்த படியில் நிற்கலாம், நடுவில் நிற்க இடம் இல்லை. அந்த நடுவுக்குப் போக வழி வேண்டும், இரண்டு கையும் வேலையில் இருக்கிறது. மிச்சம் என்ன இருக்கிறது? கால்தான். கைக்கு என்ன ஆச்சு என்று இனி கேட்க மாட்டீர்கள் என்று நம்புகிறேன்.

என் ஆரம்ப காலத்தைச் சுருக்கமாகவே சொல்கிறேன், அதில் ஒன்றும் இல்லை. செந்தூலில் பிறந்தேன். பஜனை மடத்தில் ஆர்மோனியம், பள்ளிக்கூடத்தில் ஆர்கன், ஒரு பலகைக் கடையில் கிராணி, அதாவது குமாஸ்தா வேலை. எழுபதுகளின் கடைசியில் பிரிக்ஃபீல்ட்ஸில் நாகலிங்கம் சாரின் ஸ்டூடியோவில் சேர்ந்தேன். தொண்ணூறுகளின் நடுவில் அது மூடும்வரை அங்கேதான் இருந்தேன்.

நாகலிங்கம் சார் யாழ்ப்பாணத்துக் குடும்பம். அப்பா ரயில்வேயில் ஸ்டேஷன் மாஸ்டர். சார் தொலைபேசி இலாகாவில் என்ஜினியராக இருந்து, முன்கூட்டியே ஓய்வு வாங்கிக்கொண்டு, ஒரு மளிகைக் கடைக்கு மேல்மாடியில் ஸ்டூடியோ போட்டார். இங்கிலாந்திலிருந்து உதிரிகளை வரவழைத்து, பெட்டி பெட்டியாகத் தானே கட்டிய மெஷின் அது. கால்மிதியையும் அவர்தான் செய்தார். பழைய தையல் மெஷினின் மிதிபலகையை வெட்டி, அடியில் ஒரு பல்சக்கரம், அதோடு திரும்பும் ஒரு குமிழ். குதிகாலை அழுத்தினால் கட்டை எந்த ஸ்வரமோ அதுவே வரும். முன்பாதத்தை அழுத்த அழுத்த மின்சாரம் கூடி, சுருதி ஏறும். முழுக்க அழுத்தினால் இரண்டு கட்டை தள்ளிப் போய் நிற்கும்.

மற்றவர்கள் சட்டைப்பையில் பேனா வைப்பார்கள். சார் சுருதிக்கோல் வைத்திருப்பார். கவட்டைபோல் இரண்டு கிளையுள்ள எஃகுத் துண்டு. தட்டினால் ஒரே ஒரு ஸ்வரம் மாறாமல் ஒலிக்கும். ஒவ்வொரு பாட்டு முடிந்ததும் அதை முழங்காலில் ஒரு தட்டு தட்டி, காதுக்குப் பின்னால் எலும்பில் வைத்துக் கேட்பார். கேட்டுவிட்டு "ம்" என்பார். நன்றாக இருந்தாலும் "ம்"தான், நாசமாகப் போயிருந்தாலும் "ம்"தான். எந்த "ம்" எது என்று தெரிந்துகொள்வதற்குள் எனக்குக் கல்யாணமே ஆகிவிட்டது.

அவருடைய நடைமுறைகள் இருக்கின்றனவே, கோயில் பூசை தோற்றுப்போகும். செருப்பு, சப்பாத்து எல்லாம் படிக்கட்டிலேயே கழற்ற வேண்டும். மெஷினைப் போட்டு ஒரு மணி நேரம் கழித்துத்தான் கட்டையில் விரல் வைக்கலாம். சூடு ஏறும்போது சுருதியும் நகரும், சூடு நிலைத்த பிறகுதான் அதுவும் நிலைக்கும். நிலைத்த பிறகு ஏர்கோன் பொத்தானை யாரும் தொடக்கூடாது. கதவை வீணாகத் திறக்கக்கூடாது. தே தாரிக் டீக் குவளையோடு உள்ளே வரவே கூடாது. பாடகர்கள் வியர்த்துக் கொட்டிக்கொண்டு வந்து, "கூல் கொஞ்சம் கூட்டுங்க சார்" என்பார்கள். "மெஷினுக்கு ஒத்துவராது" என்பார் சார். மனுஷனுக்கு ஒத்துவருமா என்று அவர் ஒரு நாளும் யோசித்ததில்லை. இதெல்லாம் முடிந்து பாட்டைப் பதிவு செய்யத் தொடங்கினால், கீழே தண்டவாளத்தில் சரக்கு ரயில் ஒன்று போகும். மறுபடி முதலிலிருந்து.

காலுக்கும் சட்டம் இருந்தது. முழங்கால் ஆடக்கூடாது, கணுக்கால் மட்டும். மேலிருந்து வழுக்கி ஒரு ஸ்வரத்தில் இறங்க வேண்டுமென்றால், கட்டையைத் தொடும் முன்பே கால் மேலே போயிருக்க வேண்டும். கையை விடக் கால் முந்த வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலே ஒரு சட்டம்: ஒவ்வொரு வரி முடிவிலும் குதிகால் கீழே வந்தாக வேண்டும்.

"குதிக்கால் எங்கை, தம்பி?"

"கீழதான் சார் இருக்கு."

"இப்ப கீழை. நான் கேட்டது அந்த வரி முடியேக்கை. மெஷின்தான் சுருதி. பாடுறவை மெஷினிட்டை வரவேணும். மெஷின் ஒருத்தரிட்டையும் போகாது. விளங்குதே?"

விளங்கியது. தினமும் சொன்னால் யாருக்குத்தான் விளங்காது?

வெளியே கச்சேரிக்குப் போனால் வேறு கூத்து. அப்போது பெல்பாட்டம் காலம். காப்பாரில் ஒரு கல்யாண விருந்துக்கு, மனைவி ஆசையாகத் தைத்துக்கொடுத்த புது பெல்பாட்டத்தைப் போட்டுக்கொண்டு போனேன். இரண்டாவது பாட்டிலேயே காற்சட்டையின் விளிம்பு மிதிக்கு அடியில் சிக்கிக்கொண்டது. சுருதி மேலே போய் மேலேயே நின்றுவிட்டது. இழுத்தேன், வரவில்லை. பாடகர் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். "ஸ்பெசல் எபெக்ட் லா!" என்று ஒரு பெரியவர் கைதட்டினார். அன்றிலிருந்து காற்சட்டையின் வலது காலை மட்டும் முழங்கால்வரை சுருட்டிவிட்டு, மீன் பிடிக்கப் போகிறவன் மாதிரி மேடையில் உட்கார்ந்தேன். அறிவிப்பாளர்கள் அதையும் விடவில்லை. ஒவ்வொரு மேடையிலும் ஒரு ஜோக்.

இவையெல்லாம் சில்லறைத் தொல்லைகள். சொல்ல வந்தது லெட்சுமியைப் பற்றி.

லெட்சுமி கேரி தீவில் ஒரு எஸ்டேட்டில் பிறந்தவள். அப்பா இறந்த பிறகு அண்ணனோடு காப்பாருக்கு வந்து, ஒரு மின்சாதனப் பேக்டரியில் வேலை செய்துகொண்டிருந்தாள். எங்கள் ஸ்டூடியோவின் கச்சேரிக் குழுவில் எப்போதாவது பாட வருவாள். அண்ணன் மோட்டார் சைக்கிளில் கொண்டுவந்து விட்டுவிட்டு, பாடி முடியும்வரை கீழே நிற்பார். அவளுடைய குரலைப் பற்றி நான் என்ன எழுதுவது? அவள் வாயைத் திறந்தால், கீழே மளிகைக் கடையில் அரிசி அளந்துகொண்டிருந்தவரே கையை நிறுத்திவிட்டு அண்ணாந்து பார்ப்பார்.

ஒரு குறை உண்டு. பாட்டில் மனம் போகப் போக, அவள் சுருதியும் கொஞ்சம் கொஞ்சமாக மேலே போகும். பல்லவியில் சரியாக இருப்பாள். கடைசிச் சரணத்துக்கு வரும்போது கிட்டத்தட்ட அரைக்கட்டை தூக்கிவிடுவாள். தனியாகக் கேட்டால் தெரியாது, மயிர்க்கூச்செறியும். மெஷினோடு சேர்த்துக் கேட்டால் பல் கூசும். சார் சுருதிக்கோலைத் தட்டி அவள் காதருகே நீட்டுவார். அவள் கேட்பாள், தலையாட்டுவாள், மறுபடியும் ஏறிவிடுவாள். "சுருதியிலை நிக்கத் தெரியாதவ பாடகி இல்லை" என்று சார் முடிவாகச் சொல்லிவிட்டார்.

ஒரு வருஷம் அவள் அண்ணனும் ஒரு முடிவு சொல்லிவிட்டார். ஊரில் நாலு பேர் நாலு விதமாகப் பேசுகிறார்கள். கேசட், கீசட் என்று ஏதாவது உருப்படியாக வந்தால் பாடட்டும். தீபாவளிக்குள் வராவிட்டால் பேக்டரி, வீடு, அதோடு சரி. லெட்சுமி இதை என்னிடம் அழாமல்தான் சொன்னாள். "அதுக்கப்புறம் குளிக்கிறப்பக் கூட பாட மாட்டேண்ணே" என்றாள். எனக்குத்தான் அன்றைக்கு முழுக்கச் சோறு இறங்கவில்லை.

மஸ்ஜித் இந்தியா கடைத்தெருவில் கேசட் கடை வைத்திருந்த காதர் பாயிடம் நான்தான் அவளைப் பற்றிச் சொன்னேன். சரஸ்வதி பூஜை அன்று சாயங்காலம் கிள்ளானில் ஒரு கோயில் மண்டபத்தில் எங்கள் கச்சேரி. "வந்து கேக்கறேன். ஒரு பாட்டு போதும்" என்றார் அவர்.

இனி வருவதுதான் என் வாழ்நாள் எரிச்சல்.

காலையிலேயே எங்கள் வாத்தியங்களை மண்டபத்தில் இறக்கி, அம்மன் படத்துக்கு முன்னால் பூசைக்கு வரிசையாக வைத்துவிட்டோம். கோயில் செக்ரட்டரி மாணிக்கம் வந்து பார்த்தார். மிதியைக் கண்டதும் இது என்ன என்று கேட்டார். சொன்னேன். அவர் முகம் மாறிவிட்டது.

"வாத்தியத்தக் காலால மிதிப்பீங்களா? கால் பட்டாலே தொட்டுக் கண்ணுல ஒத்திக்குவோம். நீங்க அம்மனுக்கு முன்னாடி உக்காந்து மிதிக்கப் போறீங்க? அதெல்லாம் முடியாது லா."

நான் பேசினால் சண்டையாகும் என்று சாரை அழைத்து வந்தேன். சார் பொறுமையாகக் கேட்டார்.

"உங்களிட்டைக் கார் இருக்குதே?"

"இருக்கு."

"அதை எதாலை ஓட்டுறியள்? காலாலைதானே? அதுக்கும் இண்டைக்கு ஆயுத பூசை செய்வியள்தானே?"

மாணிக்கம் யோசித்தார். யோசித்து, "நீங்க சொல்றதும் சரிதான் சார். அப்ப அதையும் பூசையில வெச்சிடலாம்" என்றார். பிரச்சினை தீர்ந்தது என்று நாங்கள் சாப்பிடப் போய்விட்டோம்.

திரும்பி வந்தால் மிதி அம்மனுக்குப் போட்டியாக அலங்காரத்தில் இருந்தது. விபூதிப் பட்டை, சந்தனம், குங்குமம், ஒரு முழம் மல்லிகை. அதுவரை பரவாயில்லை. அருகில் போனால் எலுமிச்சை வாசனை. குனிந்து பார்த்தேன். குதிகால் பக்கம் மிதிக்கு அடியில் ஒரு எலுமிச்சம்பழம் நசுங்கிக் கிடந்தது.

"கார் மாதிரின்னு சார்தான் சொன்னாரு. கார்னா டயருக்கு அடியில பழம் வெச்சு நசுக்கணும்ல? நல்லா அமுக்கி நசுக்கிட்டேன். மஞ்சத் தண்ணியும் தெளிச்சாச்சு. இனி ஒரு தோசமும் இல்ல" என்றார் மாணிக்கம். முகத்தில் அப்படி ஒரு திருப்தி. அந்த மனிதரைத் திட்டவும் முடியவில்லை. முழு மனதோடு செய்திருக்கிறார், நான் என்ன சொல்வது? சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டேன்.

சார் கைக்குட்டையால் துடைத்தார், ஊதினார், மின்விசிறிக்குக் கீழே வைத்தார். மெஷின் சூடானதும் சோதித்தேன். முன்பாதம் அழுந்திய நிலையில் ஒழுங்காக இருந்தது. பாதிக்குக் கீழே, குதிகால் பக்கம் இறங்கினால், கர்ரென்று ஒரு சத்தம். சுருதி தவளை மாதிரி குதித்தது. குமிழின் அந்தப் பக்கத்துக்குள் எலுமிச்சைச் சாறு போய்விட்டது. பிரித்துச் சுத்தம் செய்யக் கருவிகள் எல்லாம் பிரிக்ஃபீல்ட்ஸில். சனங்கள் வந்து உட்காரத் தொடங்கிவிட்டார்கள். முன்வரிசையில் காதர் பாய்.

எனக்கு ஒரே ஒரு வழிதான் தோன்றியது. எல்லாவற்றையும் ஒரு கட்டை தள்ளிக் கீழே வாசிப்பது, மிதியைப் பாதி உயரத்தில் பிடித்துக்கொண்டு அந்த ஒரு கட்டையைக் காலால் ஈடுகட்டுவது. எழுதும்போது எளிதாகத்தான் இருக்கிறது. குதிகாலுக்குக் கீழே ஒன்றும் இல்லை; அந்தரத்தில் நிற்கிறது. ஸ என்பது எங்கே என்று காலுக்குத் தெரிய வழியே இல்லை. காதால் கேட்டுக் கேட்டுத்தான் நிறுத்த வேண்டும்.

லெட்சுமியின் பாட்டுக்கு நானும் டோலக்கும் மட்டும்தான். அம்மன் பாட்டு. நாயனக் குரலில் நான் தொடங்கிக் கொடுத்தேன், அவள் எடுத்தாள். கால் அந்தரத்தில். பிடித்துக்கொள்ள எனக்கு அவள் குரலைத் தவிர வேறு எதுவும் இல்லை. அதனால் அவளை மட்டுமே கேட்டேன். அவள் அசைந்த இடத்தில் அசைந்தேன், நின்ற இடத்தில் நின்றேன். முதல் சரணம் போனது, இரண்டாவது போனது. எனக்குத் தெரியாமலே என் கால் அவளோடு ஏறிக்கொண்டிருந்தது. ஏறுகிறோம் என்பது கடைசிச் சரணத்தில்தான் எனக்கே உறைத்தது. அதற்குள் கணுக்கால் நடுங்கத் தொடங்கிவிட்டது. அவள் குரலும் மெஷினின் குரலும் பிரிக்க முடியாமல் ஒன்றாகப் போய்க்கொண்டிருந்தன. இத்தனை வருஷ வேலையில் அப்படி ஒரு சுகத்தை நான் அதற்கு முன் அனுபவித்ததில்லை.

பாட்டு முடிந்ததும் மண்டபம் எழுந்து நின்றது. மாணிக்கம் என்னிடம் வந்து, "பாத்தீங்களா, பூச வேல செய்யுது" என்றார். எனக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை.

மேடைக்குப் பின்னால் சார் நின்றுகொண்டிருந்தார். சுருதிக்கோல் காதுக்குப் பின்னால் இருந்தது.

"தொடங்கின இடத்திலை முடிக்கேல்லை, தம்பி. அரைக்கட்டை கிட்ட மேலை."

"ஆமா சார். குதிகால் வைக்க இடமில்ல."

"இடமில்லாட்டில் நிப்பாட்டியிருக்கலாம். ஆர் ஏறினது? நீரா, அவவா?"

"அவதான் ஏறுனா சார். நான் கூடப் போனேன்."

"மெஷின் ஒருத்தரிட்டையும் போகாது எண்டு எத்தனை தரம் சொன்னனான்?"

எனக்குக் கோபம் தலைக்கேறியது. "அத்தன பேரும் எழுந்து நின்னாங்க சார். அவங்க காதும் காதுதான்" என்றேன். அவர் "ம்" என்றுகூடச் சொல்லாமல் போய்விட்டார்.

காதர் பாய்க்குக் குரல் பிடித்திருந்தது. ஆனால் வியாபாரி அல்லவா? "மண்டபத்துல எல்லாம் நல்லாத்தான் கேக்கும். ஸ்டூடியோவுல இதே பாட்ட ஒரு தடவ பதிஞ்சு குடுங்க. அதுல நல்லா வந்தா கேசட், வரலைன்னா மன்னிச்சிடுங்க" என்றார். தீபாவளி நெருங்கிவிட்டது. இதை விட்டால் லெட்சுமிக்கு வேறு வாய்ப்பு இல்லை.

பதிவுக்கு முன் சார் மிதியைப் பிரித்து, ஸ்பிரிட் போட்டுக் கழுவி, புதிதாக்கி வைத்துவிட்டார். கொடுக்கும்போது ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னார். "குதிக்கால்."

எங்கள் ஸ்டூடியோவில் பாடுபவர் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருப்பார். மெஷினும், டேப்பும், சாரும், நானும் இந்தப் பக்கம். அன்றைக்குக் காதர் பாயும் ஒரு நாற்காலியில் இருந்தார். அண்ணன் வழக்கம்போலக் கீழே, மோட்டார் சைக்கிள் பக்கத்தில்.

முதல் பதிவு. குதிகால் கீழே, சட்டப்படி. அவள் ஏறினாள், நான் நின்றேன். கடைசிச் சரணத்தில் இரண்டும் உரசின. காதர் பாய் முகத்தைச் சுளித்தார். இரண்டாவது பதிவும் அப்படியே. "அன்னைக்குக் கேட்டது இந்தப் பொண்ணுதானா?" என்று என்னைப் பார்த்துக் கேட்டார்.

சார் பேசும் பொத்தானை அழுத்தினார். "பிள்ளை, நீர் மேலை போறீர். மெஷினைக் கேட்டுப் பாடும்."

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் லெட்சுமியின் கண் நிறைந்திருந்தது. ஆனால் குரலில் அழுகை இல்லை, ஆத்திரம்தான் இருந்தது.

"நான் எங்கேயும் போகல சார். பாட்டு போற எடத்துக்குத்தான் போறேன். மெசின்தான் வராம அங்கேயே நின்னுடுது."

காதர் பாய் எழுந்து நின்றார். "கடைசியா ஒரு தடவ பாத்துடுவோம். எனக்கும் கடை இருக்கு" என்றார்.

மூன்றாவது பதிவு ஓடத் தொடங்கியது. சார் டேப்புக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார். நான் அவரைப் பார்க்கவில்லை. முதல் சரணம் முடிந்தபோது குதிகாலைக் கீழே வைக்காமல் விட்டேன். வேலை போனால் போகட்டும், பலகைக் கடை எங்கேயும் ஓடிப் போய்விடாது என்று நினைத்துக்கொண்டேன். அவள் ஏறினாள், நான் கூடப் போனேன். சேர்ந்துவிட்டது. கோயிலில் சேர்ந்தது போலவே சேர்ந்துவிட்டது.

ஆனால் மூன்றாவது தடவை அல்லவா? கால் களைத்துப் போயிருந்தது. இரண்டாவது சரணம் தொடங்கும்போதே கணுக்கால் நடுங்கியது. நடுக்கம் அப்படியே நாயனத்தில் கேட்டது. குளிர்க்காய்ச்சல்காரன் ஊதுவது மாதிரி. அதற்கு மேல் இன்னும் ஒரு முழுச் சரணம் இருந்தது. தாங்காது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. என்னால்தான் அவள் பாட்டு நிற்கப் போகிறது.

நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. சார் எழுந்துவிட்டார். டேப்பை நிறுத்தத்தான் போகிறார் என்று நினைத்தேன். அவர் டேப் பக்கம் போகவில்லை. என் பக்கம் வந்தார், தரையில் முழங்காலிட்டார், குனிந்தார். அறுபது வயதைத் தாண்டியவர், மடிப்புக் கலையாத காற்சட்டையோடு. மிதியின் குதிகால் பக்கத்துக்கு அடியில் தன் வலது கையை நுழைத்து, உள்ளங்கையால் தாங்கிக்கொண்டார். அதன் மேலே என் வெறுங்கால்.

 ஒரு பெரியவரின் கை என் காலுக்கு அடியில்! "சார், கை, சார்..." என்று காலை இழுக்கப் பார்த்தேன்.

அவர் தலை நிமிரவில்லை.

"காலை எடுக்காதையும், தம்பி. சுருதி போகுது."

காலை எடுக்கவில்லை. நடுக்கம் நின்றது. லெட்சுமி ஏற ஏற, என் கால் ஏற ஏற, அவர் கையும் மெல்ல உயர்ந்து வந்தது. கண்ணை மூடிக்கொண்டு, கண்ணாடிக்கு அந்தப் பக்கத்துக் குரலை மட்டும் கேட்டுக்கொண்டிருந்தார். கடைசி வரி முடிந்து, ஒலி முழுக்க அடங்கும்வரை கையை எடுக்கவில்லை. சுருதிக்கோலையும் எடுக்கவில்லை.

காதர் பாய் உட்கார்ந்துவிட்டார். "கேசட் போட்டுடலாம்" என்றார், யாரையும் பார்க்காமல்.

லெட்சுமி கதவைத் திறந்துகொண்டு ஓடி வந்தாள். அவளுக்கு இங்கே நடந்தது ஒன்றும் தெரியாது.

"அண்ணே, இந்தத் தடவ மெசின் கூட வந்துச்சுல்ல?"

 சார் இன்னும் தரையிலேயே உட்கார்ந்திருந்தார். பலகை அழுந்திய தடம் சிவந்திருந்த விரல்களை நீவிக்கொண்டே, அவர்தான் பதில் சொன்னார்.

"வந்தது, பிள்ளை. வந்தது."